ரிடக்‌ஷன் லினோ வேலைகளுக்கு ஆர்ட்டிஸ்ட் ஸ்டேட்மென்ட்: 200 சொல்லில் எதைச் சொல்வது, எதை விடுவது?

அச்சுமை

வணக்கம். லினோவில் ரிடக்‌ஷன் முறையில் அச்சுப்படங்கள் செய்கிறேன், அதாவது ஒரே லினோலியப் பலகையை நிறத்துக்கு நிறம் மேலும் செதுக்கி, அதே தாளில் அடுக்கடுக்காக அச்சிடுவது. ஒரு ரெசிடென்சி (கலைஞர்கள் ஓரிடத்தில் தங்கி வேலை செய்யும் வாய்ப்பு) விண்ணப்பத்துக்கு 200 சொல்லுக்குள் ஸ்டேட்மென்ட் (என் வேலைகளைப் பற்றி நானே எழுதும் குறிப்பு), 100 சொல்லில் பயோ (வாழ்க்கைக் குறிப்பு), 10 படங்கள் கேட்டிருக்கிறார்கள். இப்போது கையில் இருப்பது இது:

"என் படைப்புகள் நினைவுக்கும் மறதிக்கும் இடையிலான எல்லைகளை ஆராய்கின்றன. சிறு வயதிலிருந்தே ஓவியத்தின் மீது தீராத ஆர்வம் கொண்ட நான், நகரத்தின் மாறிவரும் முகத்தை அச்சுக்கலை வழியாகக் கேள்விக்கு உட்படுத்துகிறேன். இழப்பு, இடப்பெயர்வு, அடையாளம் ஆகிய கருப்பொருள்கள் என் படைப்புமொழியில் பின்னிப் பிணைந்துள்ளன. ஒவ்வொரு நிற அடுக்கும் முந்தையதை அழித்துவிடுகிறது. என் வேலைகள் பார்வையாளரைத் தனக்குள் பயணிக்க வைக்கும்."

படங்களில் இருப்பவை: ஒரு வீட்டை இடித்த பிறகு பக்கத்து வீட்டோடு ஒட்டி நிற்கும் பொதுச்சுவர்கள். போன வீட்டின் மாடிப்படித் தடம், அலமாரிக் குழி, அறைக்கு அறை மாறும் பெயின்ட் பட்டை இவையெல்லாம் அதில் தெரியும். 4 முதல் 6 நிறம், 45 × 30 செ.மீ., எடிஷன் 8 (ஒவ்வொரு படத்திலும் 8 பிரதி).

படிக்கும்போது ஏதோ பொய்யாகத் தெரிகிறது, எது என்று பிடிபடவில்லை. செய்முறையை எவ்வளவு எழுதலாம்? தமிழிலோ ஆங்கிலத்திலோ தரலாம் என்கிறார்கள். எது நல்லது?

வெட்டுளி

பொய் என்று எதுவும் இல்லை, ஒரு வரியைத் தவிர. அதற்குப் பிறகு வருகிறேன். சிக்கல் என்னவென்றால் இந்த ஸ்டேட்மென்ட்டை வேறு யாருடைய படங்களுக்கு மேல் வைத்தாலும் பொருந்தும். கருப்பு வெள்ளைப் புகைப்படம் எடுப்பவர், பழைய சேலையை வைத்து இன்ஸ்டலேஷன் செய்பவர், மண் சிற்பி, யார் வேண்டுமானாலும் இதன் கீழ் கையெழுத்துப் போடலாம். "அச்சுக்கலை" என்ற ஒரு சொல்தான் உங்களுடையது. மேற்கோளுக்குக் கீழே "படங்களில் இருப்பவை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் ஸ்டேட்மென்ட் தொடங்குகிறது.

வரிவரியாகப் பார்த்தால்: "எல்லைகளை ஆராய்கின்றன" என்பதில் எந்தக் காட்சியும் இல்லை. "சிறு வயதிலிருந்தே" என்பது பயோவுக்குக்கூட வேண்டாத வரி, தேர்வுக் குழுவின் முன் இருக்கும் எல்லோருக்கும் ஆர்வம் உண்டு. "இழப்பு, இடப்பெயர்வு, அடையாளம்" என்று மூன்றை அடுக்கினால் ஒன்றைக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை என்று படிக்கப்படும். கடைசி வரி பார்ப்பவருக்கு என்ன நடக்கும் என்று நீங்களே தீர்ப்புச் சொல்வது. அது நடக்கவில்லை என்றால் பழி படத்தின் மேல் விழும்.

இப்போது அந்தத் தவறான வரி: "ஒவ்வொரு நிற அடுக்கும் முந்தையதை அழித்துவிடுகிறது." ரிடக்‌ஷனில் நடப்பது இதுவா? பலகையில் எந்த இடத்தைச் செதுக்கி எடுக்கிறீர்களோ அந்த இடத்தில் அடுத்த மை ஏறாது. ஆகவே அங்கே தாளில் பழைய நிறம் அப்படியே தங்கும். பலகைதான் அழிகிறது. குழுவில் ஒரு அச்சுக்கலைஞர் இருந்தால் இந்த வரியிலேயே நின்றுவிடுவார். உருவகத்துக்காகச் செய்முறையை வளைப்பது இந்த வகை எழுத்தில் அடிக்கடி நடக்கிற விபத்து.

ஆனால் உண்மையான செய்முறை உங்கள் உருவகத்தைவிட நன்றாக இருக்கிறது. எடுக்கப்பட்ட இடம்தான் தாளில் தங்குகிறது. வீடு எடுக்கப்பட்டது, தடம் சுவரில் தங்குகிறது. இரண்டையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு நகர்ந்துவிடுங்கள். "இதைப் போலவே அதுவும்" என்று முடிச்சுப் போட வேண்டாம், படிப்பவர் போட்டுக்கொள்வார்.

எழுதும் வழி ஒன்று. "ஏன்" என்று தொடங்காதீர்கள், அங்கிருந்துதான் நினைவும் மறதியும் வந்து சேர்கின்றன. 10 படங்களையும் ஒரே நேரத்தில் கண்ணில் படும்படி பரப்பி வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து குறிப்பு: என்ன தெரிகிறது, எதனால் செய்தது, எந்த இடத்தில் முடிவெடுத்தீர்கள், எதை வேண்டாம் என்று விட்டீர்கள், முந்தைய படத்திலிருந்து எது தொடர்கிறது. 50 குறிப்பு வரும். மூன்று நான்கு படங்களில் திரும்பத் திரும்ப வருவதை அடிக்கோடிடுங்கள். அதுதான் உங்கள் வேலைமுறை. ஒரே படத்தில் மட்டும் வருவது அந்தப் படத்தின் குறிப்புக்கு உரியது, ஸ்டேட்மென்ட்டுக்கு அல்ல. நான்காவது கேள்வியை யாரும் எழுதுவதில்லை, ஆனால் அதில்தான் நல்ல வரி கிடைக்கும். உங்கள் படங்களில் மனிதர்கள் இருக்கிறார்களா? வானம், தெரு? இல்லையென்றால் அது ஒரு முடிவு. எழுதுங்கள்.

நீலப்படி

செய்முறையை எவ்வளவு எழுதலாம்னு கேட்டீங்க. ஒரே ஒரு சோதனை போதும்: அந்தத் தகவல் தெரிஞ்ச பிறகு படத்தைப் பார்க்கிற விதம் மாறுதா? மாறினா வைங்க, இல்லன்னா எடுத்துடுங்க.

குழு உங்க படங்களைத் திரையிலதான் பார்க்கும். தனித்தனிப் பலகையில அஞ்சு நிறம் அடிச்சதா, ஒரே பலகையைக் குறைச்சுக் குறைச்சு அடிச்சதான்னு ஒரு ஜேபெக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. தனிப் பலகைன்னா எத்தனை தடவை வேணும்னாலும் திரும்ப அடிக்கலாம். ரிடக்‌ஷன்ல முதல் நிறத்துக்கு எத்தனை தாள் எடுத்தோமோ அதுதான் உச்சவரம்பு, அதுலயும் ரெஜிஸ்ட்ரேஷன் (ஒரு நிறத்து மேல அடுத்த நிறம் சரியா வந்து உட்கார்றது) தவறிப் போறது போகும். 8 எடிஷன் வேணும்னா 12, 13 தாளோட தொடங்கணும். நிறம் கூடக் கூட வீணாகுறதும் கூடும். இதைத் தெரிஞ்சுக்கிட்டவங்க "8"ங்கிற எண்ணை வேற மாதிரி படிப்பாங்க. அதனால "ஒரே பலகை, திரும்ப அச்சிட முடியாது" இது உள்ள வரணும்.

எது வேண்டாம்: மை கம்பெனி, உளி நம்பர், தாள் எத்தனை ஜிஎஸ்எம் (தாளோட கனம்), அழுத்தம் பிரெஸ்லயா இல்ல கரண்டியால கையில தேய்ச்சா. தாளோட வகை கேப்ஷன்ல போனா போதும். "பாரம்பரியமான, கடினமான, பொறுமை தேவைப்படும் முறை"ன்னு எழுதாதீங்க. உழைப்புக்கு மார்க் கேட்கிற மாதிரி இருக்கும்.

இன்னொரு வழி இருக்கு, வேலைக்கு நாமே வச்சுக்கிட்ட விதி மூலமாச் சொல்றது. ஜப்பானியக் கலைஞர் ஓன் கவாரா 1966 ஜனவரி 4-ல தேதி ஓவியங்களைத் தொடங்கினார். அன்னைக்குத் தேதியை அன்னைக்கே வரைஞ்சு முடிக்கணும், நள்ளிரவுக்குள்ள முடியலன்னா அந்த ஓவியத்தை அழிச்சுடுவார். போலந்து ஓவியர் ரோமன் ஓபல்கா 1965-ல ஒன்னுல ஆரம்பிச்சு எண்களை வரிசையா எழுதிக்கிட்டே போனார். 1972-க்கு அப்புறம் ஒவ்வொரு புது கேன்வாஸ்லயும் பின்னணியில ஒரு சதவீதம் வெள்ளையைக் கூட்டினார். இந்த ரெண்டையும் பத்தி "காலம்"ங்கிற சொல்லே இல்லாம சொல்லியாச்சு, ஆனா காலத்தைப் பத்தித்தான்னு யாருக்கும் சந்தேகம் வராது.

உங்களுக்கும் ஏதாவது விதி இருக்கும். ஒரு சுவருக்கு ஒரே அச்சா? நிறங்களைச் சுவர்ல இருந்தே எடுக்குறீங்களா, கற்பனையா? படத்தோட விளிம்பு எங்க வெட்டுப்படுது? தேடுங்க. இல்லாத விதியை மட்டும் ஸ்டேட்மென்ட்டுக்காக உருவாக்காதீங்க, நேர்காணல்ல ரெண்டாவது கேள்வியிலயே தெரிஞ்சுடும்.

கோட்டுத்தாள்

வெட்டுளி சொல்வதில் பாதிக்குமேல் ஒப்புக்கொள்கிறேன், ஒரு இடத்தில் இல்லை. கருப்பொருளைச் சொல்லவே வேண்டாம், படிப்பவர் கண்டுகொள்வார் என்பது கண்காட்சிச் சுவருக்குச் சரி. அங்கே படம் எதிரில் நிற்கிறது, பார்ப்பவருக்கு நேரம் இருக்கிறது. விண்ணப்பம் வேறு. படிப்பவர் வரிசையாகப் பல கோப்புகளைப் பார்த்துக்கொண்டு போகிறார், பிறகு குழுவில் மற்றவர்களிடம் உங்களைப் பற்றி ஒரே வாக்கியத்தில் பேச வேண்டியிருக்கிறது. அந்த வாக்கியத்தை நீங்கள் தராவிட்டால் அவரே ஒன்றைச் செய்துகொள்வார், அது "கட்டடங்களை வரைகிறார்" என்று முடியும்.

ஆகவே உங்கள் அக்கறையை ஒருமுறை, ஒரே முறை, நேராகச் சொல்லுங்கள். இடம் முக்கியம்: முதல் வரியில் வேண்டாம். பொருளும் செய்முறையும் வந்த பிறகு, மூன்றில் இரண்டு பங்கு கடந்ததும். அதுவும் "நினைவு" போல எல்லாரும் வைத்திருக்கும் சொல்லாக இல்லாமல் உங்கள் படத்தின் அளவுக்குச் சுருங்கியதாக இருக்கட்டும். ஒரு வீட்டில் எப்படிப் புழங்கினார்கள் என்பது வீடு போன பிறகு சுவரில் எப்படித் தெரிகிறது, இதைப்போல.

கோட்பாட்டாளர் யாரையும் மேற்கோள் காட்ட வேண்டாம். 200 சொல்லில் 25 சொல்லை இன்னொருவருக்குக் கொடுக்க இடம் இல்லை. பாதித்த கலைஞர்களின் பெயர்ப் பட்டியலும் அப்படியே. அவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைக் குழுவுக்கு நாமே கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

வெட்டுளி

ஏற்கிறேன், விண்ணப்பத்துக்கு ஒரு வரி இருக்கட்டும். நிபந்தனை ஒன்று: அந்த வரியை மூடிவிட்டு மற்றதைப் படித்தாலும் அதே அர்த்தம் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் மேலே உள்ள வரிகளில்தான் குறை, அதைப் போய்த் திருத்துங்கள்.

எழுத்தெண்ணி

மொழி பற்றி யாரும் தொடவில்லை. எந்த மொழியில் வேலையைப் பற்றிப் பேசுகிறீர்களோ அதில் முதலில் எழுதுங்கள். தமிழில் பேசிவிட்டு ஆங்கிலத்தில் முதல் வரைவு எழுதும்போதுதான் "கேள்விக்கு உட்படுத்துகிறேன்" வகையறா நுழைகிறது. பிறகு அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் இரண்டு மொழியிலும் யாருடையதும் இல்லாத உரைநடை கிடைக்கும். தொடங்க முடியாவிட்டால் ஃபோனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, படங்களைப் பார்க்காத ஒருவருக்கு ஐந்து நிமிடம் விவரியுங்கள். பேச்சில் வந்த வினைச்சொற்களைப் பொறுக்கி எழுதுங்கள்: செதுக்குகிறேன், அச்சிடுகிறேன், விட்டுவிடுகிறேன். "முயல்கிறேன்", "விழைகிறேன்" என்று எழுத்தில் மட்டும் முளைக்கும் வினைகளைத் தள்ளுங்கள்.

அளவில் ஒரு பொறி இருக்கிறது. தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் "சுவரிலிருந்து" ஒரே சொல், ஆங்கிலத்தில் மூன்று. தமிழில் 200 சொல்லை நிரப்பிவிட்டு ஆங்கிலத்தில் மாற்றினால் வரம்பைத் தாண்டும். இரண்டு மொழியிலும் தர நினைத்தால் தமிழை 130 சொல் பக்கம் நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு.

சில படிவங்கள் சொல்லை எண்ணாமல் எழுத்தை எண்ணும். அங்கே தமிழுக்கு அடி விழும். யூனிகோடில் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடு. "அச்சுப்படம்" என்பது நம் கண்ணுக்கு 7 எழுத்து, படிவத்துக்கு 11. பைட்டை எண்ணும் படிவம் என்றால் யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு குறியீடும் 3 பைட், 33 ஆகிவிடும். ஒட்டியபின் கடைசி வரி முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். சில படிவங்கள் எச்சரிக்காமலே வாலை வெட்டிவிடும்.

பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டியதைப் படிவத்தில் ஒட்டினால் ரோமன் எழுத்துக் குப்பையாக வரும். பிடிஎஃப் என்றால் எழுத்துருவை உள்ளே பொதிந்து சேமியுங்கள், வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். கொம்பு இடம் மாறி நிற்பதை அனுப்பிய பிறகு கண்டுபிடித்துப் பயனில்லை.

அச்சுமை

எல்லோருக்கும் நன்றி. 50 குறிப்பு வழியில் போனேன். விட்டவை என்ற பத்தியில் 10 படத்துக்கும் ஒரே பதில் வந்தது: வானமும் தரையும். புதிய வரைவு:

"ஒரு வீடு இடிக்கப்பட்ட பிறகு பக்கத்து வீட்டோடு ஒட்டி நிற்கும் பொதுச்சுவரை லினோவில் செதுக்கி அச்சிடுகிறேன். போன வீட்டின் மாடிப்படி அந்தச் சுவரில் ஒரு சாய்கோடாகத் தெரிகிறது, அலமாரி ஒரு குழியாகத் தெரிகிறது, ஒவ்வொரு அறையும் ஒரு நிறப் பட்டையாகத் தெரிகிறது. வானத்தையும் தரையையும் விட்டுவிடுகிறேன். சுவர் படத்தின் நான்கு விளிம்பையும் தொடுகிறது. நிறங்களைச் சுவரிலிருந்தே எடுக்கிறேன். 4 முதல் 6 நிறங்களையும் ஒரே பலகையில் அச்சிடுகிறேன். ஒரு நிறம் முடிந்ததும் பலகையை மேலும் செதுக்குகிறேன். செதுக்கி எடுத்த இடத்தில் அதுவரை ஏறிய நிறம் தாளில் தங்குகிறது. கடைசி நிறம் முடியும்போது பலகையில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சுவதில்லை, இன்னொரு பிரதி எடுக்க வழியில்லை. ஒரு வீட்டில் புழங்கிய விதம், வீடு போன பிறகு எவ்வளவு காலம் படிக்கக் கிடைக்கிறது என்பதே என் அக்கறை. அடுத்து, அலமாரிக் குழிகளை மட்டும் அவற்றின் அசல் அளவில் அச்சிடப் போகிறேன்."

கடைசி வரி இருக்கலாமா? பயோவையும் "நான்" என்றே எழுதலாமா?

கோட்டுத்தாள்

இது உங்களுடையது, வேறு யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. "தெரிகிறது" மூன்று முறை வருவதை அப்படியே விடுங்கள், வாய்விட்டுப் படித்தால் நன்றாக இருக்கிறது. "எவ்வளவு காலம்" என்பதில் மட்டும் தயக்கம். படங்களில் காலம் அளக்கப்படவில்லையே. ஒரே சுவரை வேறு வேறு மாதத்தில் அச்சிட்டிருந்தால் சரி, இல்லையென்றால் "எப்படி" என்று மாற்றுங்கள்.

கடைசி வரி, படிவத்தைப் பொறுத்தது. திட்ட முன்மொழிவு என்று தனியாக ஒரு பெட்டி இருந்தால் அங்கே போக வேண்டும். ஸ்டேட்மென்ட் இதுவரை செய்துகொண்டிருப்பதைச் சொல்வது, முன்மொழிவு அங்கே வந்து செய்யப்போவதை அளவு, நாள், செலவோடு சொல்வது. தனிப்பெட்டி இல்லையென்றால் வரி இங்கேயே இருக்கட்டும், அது ஒன்றுதான் ரெசிடென்சியில் உங்களுக்கு என்ன வேலை என்பதைச் சொல்கிறது.

பயோ படர்க்கையில்: பிறந்த ஆண்டு, பயிற்சி, கண்காட்சிகள், இப்போது எங்கே வேலை செய்கிறார். உரிச்சொல் வேண்டாம். ஸ்டேட்மென்ட்டில் உள்ள ஒரு வரிகூட அதில் திரும்ப வரக்கூடாது.

நீலப்படி

அனுப்புறதுக்கு முன்னாடி கேப்ஷன்களை ஸ்டேட்மென்ட்டோட பக்கத்துல வச்சு ஒப்பிடுங்க. "4 முதல் 6 நிறம்"னு எழுதிட்டு ஒரு படத்துல 7 நிறம் இருந்தா, அந்தப் படத்தை மாத்துங்க இல்ல எண்ணை மாத்துங்க. "வானத்தை விட்டுவிடுகிறேன்"னு எழுதியாச்சு, 10-ல ஒன்னுல மேல் ஓரத்துல துளி நீலம் இருந்தாக்கூட கண்ணை உறுத்தும்.

கேப்ஷன் வரிசை: தலைப்பு, ஆண்டு, "ரிடக்‌ஷன் லினோகட், 5 நிறம்", தாள் வகை, அளவு, எடிஷன். அளவுல உயரம் முதல்ல, அகலம் அடுத்து. அச்சுப்பட அளவா தாள் அளவான்னு சொல்லுங்க, 45 × 30-ங்கிறது எதுன்னு உங்க பதிவுல இருந்தே எனக்குப் புரியல. எடிஷன் 8-ல மூணாவது பிரதியைப் படம் எடுத்திருந்தா 3/8. தனக்குன்னு எடுத்து வச்ச ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப் இருந்தா அது இந்த 8-ல சேராது, ஏ.பி.ன்னு தனியா வரும்.

படங்களோட வரிசையும் ஸ்டேட்மென்ட் வரிசையில போகட்டும். முதல் படத்துல மாடிப்படித் தடம் தெளிவாத் தெரியணும், ஏன்னா நீங்க முதல்ல சொல்றது அதைத்தான். ஒரு படத்தோட மூலையை மட்டும் பெரிசாக்கி, செதுக்கின இடத்துல பழைய நிறம் எப்படித் தங்கியிருக்குன்னு காட்டுற மாதிரி ஒன்னு வைங்க. 10-ல ஒரு இடத்தை அதுக்குக் கொடுத்தா நஷ்டமில்ல, டீட்டெயில்னு கேப்ஷன்ல போட மறந்துடாதீங்க.